பழைய சாயல் ஆர்.சி. பக்கி கிட்: சேலத்து மண்ணுக்கேற்றபடி பூட்டும் முறை

1980-களின் சாயலில் ஒரு பக்கி கிட் (ரிமோட்டில் ஓடும், மண்தரைக்கான சிறு காரை நாமே பூட்டும் பெட்டி) புதிதாக வந்தால் ஆர்வலர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். கூண்டுக் கம்பி, ஓட்டுநர் பொம்மை, முள் டயர், பெட்டிமேல் படம் என்று மகிழ்பவர்கள் ஒரு பக்கம். "இந்த விலைக்கு பேரிங் கூட இல்லையா, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் இல்லையா, மேடு பள்ளத்தில் துள்ளுகிறதே" என்று கேட்பவர்கள் மறுபக்கம். அந்தக் குறைகள் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் பூட்டும் மேசையிலேயே தீர்ந்துவிடும். மீதி வடிவமைப்பிலேயே இருப்பவை, எந்த மோட்டாரை மாற்றினாலும் போகாது. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு வாங்குபவருக்கு ஏமாற்றம் இல்லை.

பெட்டியைப் பார்க்கும்போதே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பழைய காரின் மறுவெளியீடா, பழைய சாயல் போர்த்திய புதிய காரா? 1984-ல் வந்த தமியா (ஜப்பான் நிறுவனம்) கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் இரண்டும் பல ஆண்டுகள் கழித்து மறுபடி வந்தன. 1982-ன் கியோஷோ (இன்னொரு ஜப்பான் நிறுவனம்) ஸ்கார்ப்பியன் 2014-ல் திரும்பியது. இவற்றின் உள்ளமைப்பு பெரும்பாலும் அந்தக் காலத்ததே. கிராஸ்ஹாப்பர், ஹார்னெட்டில் பின்பக்க கியர்பாக்ஸும் மோட்டாரும் ஒரே கட்டியாக மேலும் கீழும் ஆடும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறுசக்கரமும் சாயும், அவ்வளவு எடையும் சேர்ந்து எகிறும். இந்தத் துள்ளலைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. 2024-ல் தமியா கொண்டுவந்த பி.பி.எக்ஸ். வேறு வகை: தோற்றம் பழையது, பி.பி.-01 என்ற சேசிஸ் (அடிச்சட்டம்) புதியது. பின் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குகின்றனவா, நான்கு ஷாக்கிலும் எண்ணெய் உண்டா, பேரிங் பெட்டிக்குள் இருக்கிறதா என்ற மூன்றையும் உதிரிப்பாகப் பட்டியலில் பார்த்தால் எந்த வகை என்று விளங்கிவிடும்.

ஏற்காட்டில் தோட்டத்து மண்பாதைகளில் ஓட்ட நினைப்பவர்கள் இரண்டாம் வகையை வாங்குவது நல்லது. சேலத்தில் சமமான மைதானம், வறண்ட ஏரிப்படுகை போதும் என்பவருக்கு மறுவெளியீடும் குறையில்லாமல் ஓடும். அதன் எளிமையே தனி இன்பம்.

கருவிகள்

ஜப்பான் கிட்டின் ஸ்குரூத் தலை நட்சத்திர ஸ்குரூ போலத் தெரிந்தாலும் வெட்டு வேறு. சாதாரண நட்சத்திர ஸ்குரூடிரைவர் அதில் முழுதாக இறங்காமல் மேலேறி நழுவி, தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தர அளவு) என்று குறிப்பிட்ட ஸ்குரூடிரைவர் ஒன்று வாங்கினால் பாதித் தொல்லை தீரும். 5.5 மி.மீ., 7 மி.மீ. நட் டிரைவர், 1.5, 2, 2.5 மி.மீ. ஆலன் கீ, கூர்மையான நிப்பர், வெர்னியர், உப்புத்தாள் இவை போதும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்காரர்கள் வாங்கும் கடைகளில் ஊசி அரமும் மெல்லிய இடுக்கியும் தரமாகக் கிடைக்கும். இரண்டும் இந்த வேலைக்குக் கச்சிதம்.

பிளாஸ்டிக் ஃப்ரேமிலிருந்து பாகத்தை முறிக்கக் கூடாது. நிப்பரால் சற்றுத் தள்ளி ஒருமுறை, ஒட்டி ஒருமுறை என இரண்டு வெட்டாக வெட்டி, மிஞ்சிய முனையை அரத்தால் சமப்படுத்துங்கள். சஸ்பென்ஷன் ஆர்மின் அச்சுத் துளை ஓரத்தில் அரை மி.மீ. பிசிறு நின்றாலும் ஆர்ம் பாதியில் பிடித்து நிற்கும். பூட்டி முடித்த ஆர்ம் தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். விழாவிட்டால் ஸ்ப்ரிங்கை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை.

பிளாஸ்டிக்கில் ஸ்குரூ முறுக்க மோட்டார் டிரில் வேண்டாம். புதுத் துளையில் ஸ்குரூ நூல்தடத்தைத் தானே வெட்டிக்கொள்ளும், மெதுவாக முறுக்கினால் போதும். ஒருமுறை கழற்றியதை மறுபடி போடும்போது முதலில் இடப்பக்கம் திருப்புங்கள். "டிக்" என்று பழைய தடத்தில் விழுந்த பிறகே வலப்பக்கம் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது தடம் வெட்டித் துளை தளர்ந்துவிடும். தளர்ந்துபோன துளைக்கு ஃப்ரேமில் மிஞ்சிய பிளாஸ்டிக்கிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை உள்ளே வைத்து, சொட்டு ஃபெவிக்விக் விட்டு, நன்றாகக் காய்ந்தபின் ஸ்குரூவைப் போடலாம். திரெட் லாக் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை) உலோகத்தில் உலோகம் இறங்கும் இடத்துக்கு மட்டும்தான். பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விடும்.

பேரிங்

பேரிங் இல்லாத கிட்டுக்கு முதல் செலவு இதுவாகவே இருக்கட்டும். மோட்டாரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் பிறகு வரட்டும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் புஷ்ஷில் (பேரிங்குக்குப் பதிலான வளையம்) சேலத்துச் செம்மண்ணின் குவார்ட்ஸ் துகள் பதிந்துகொண்டு, உப்புத்தாள் போல இரும்பு அச்சைத் தேய்க்கும். சக்கரம் ஆட்டம் காண்பது அதனால்தான்.

பேரிங் கடையில் கேட்கும்போது கவனம் தேவை. பெரும்பாலான தமியா கிட்டில் வருவது உள்விட்டம் 5, வெளிவிட்டம் 11, தடிமன் 4 மி.மீ. இதன் பொது எண் எம்.ஆர். 115. கடையில் எளிதாகக் கிடைக்கும், இருபுறமும் மூடிய 685-க்கும் அதே 5, 11 அளவுதான், தடிமன் மட்டும் 5 மி.மீ. அந்த ஒரு மி.மீ.யால் கியர்பாக்ஸ் மூடாது, மூடினாலும் இறுகிச் சுற்றாது. இன்னொரு அளவு 5, 8, 2.5 மி.மீ., அதற்கு எம்.ஆர். 85. இருபுறமும் தகடு மூடிய இசட்.இசட். வகையைவிட ரப்பர் மூடிய வகை நம் புழுதிக்கு ஏற்றது. சில பழைய வடிவங்களில் முன் பேரிங் சக்கரத்துக்குள்ளேயே உட்காரும். அங்கே வெளி நட்டை இறுக்கினால் சக்கரம் பிடித்துக்கொள்ளும். சுண்டிவிட்டால் தடையின்றிச் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் இம்மி ஆட்டம் இருந்தால் போதும்.

கியர்பாக்ஸும் டிஃப்பும்

அவசரப்படக் கூடாத இடம் இது. கிட்டோடு வரும் கிரீஸைப் பல்லுக்குப் பல் மெல்லிய படலமாகத் தடவுங்கள். அள்ளி அப்பினால் சுற்றும் வேகத்தில் சுவரில் வீசப்பட்டு வீணாகும். காரின் வீல் பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸ் வேண்டாம், சிறு மோட்டாருக்கு அது பெரும் சுமை.

டிஃப் (திருப்பத்தில் இரு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல்) சக்கரப் பல்லில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துப் பூட்டுங்கள். ஒரு பக்க அச்சைப் பிடித்து மறுபக்கத்தைச் சுற்றினால் ஒரே சீரான எதிர்ப்பு தெரிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தட்டினால் பிசிறோ சரியாக உட்காராத வாஷரோ காரணம். டிஃப் மிகத் தளர்வாக இருந்தால், திருப்பத்தில் உள்சக்கரம் லேசாகும்போது மோட்டாரின் வலு முழுதும் அந்தச் சக்கரத்துக்கே போய் வீணாய்ச் சுற்றும். எண்ணெய் அடைக்க ரப்பர் வளையம் உள்ள டிஃப் என்றால் 5,000 முதல் 10,000 சி.எஸ்.டி. (கெட்டித்தன்மையின் அளவு) சிலிகான் எண்ணெய் இரண்டு சக்கர ஓட்டத்துக்குப் பொருந்தும். மூடாத பழைய வகையில் எண்ணெய் ஒழுகிவிடும். அதற்கு டிஃப்புக்கென்றே விற்கும் பசைத்தன்மை மிகுந்த கிரீஸ்தான் சரி.

மோட்டாரைப் பூட்டும் முன் கியர்பாக்ஸைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு, இடையிடையே இறுக்கம், எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் மூடி ஸ்குரூ ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் தளர்த்துங்கள். இறுக்கம் போய்விட்டால் காரணம் மூடி நெளிவது. போகாவிட்டால் பேரிங் முழுதாக உட்காரவில்லை.

பினியன் (மோட்டார் அச்சில் மாட்டும் சிறு பல்சக்கரம்) விஷயத்தில் பலரும் பிழை செய்கிறார்கள். தமியாவின் பல கிட்டுகள் 0.6 மாட்யூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் அளவு) பல் கொண்டவை. கடையில் கிடைக்கும் 48 பிட்ச் பினியன் கணக்கில் 0.53 மாட்யூல்தான். பார்வைக்கு ஒன்று போலத் தெரியும், ஓட்டினால் கீச்சிட்டு ஸ்பர் கியர் (பினியன் சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம்) பல்லைச் சீவிவிடும். மோட்டாரை நகர்த்திப் பொருத்தும் கிட் என்றால், நோட்டுப் புத்தகத் தாளின் ஒரு கீற்றைப் பற்களுக்கிடையே விட்டு மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்குரூவை இறுக்குங்கள். பிறகு தாளைச் சுற்றி வெளியே எடுத்தால் சரியான இடைவெளி கிடைக்கும். மோட்டார் துளை நிலையாக உள்ள கிட்டில் கையேடு சொல்லும் பல் எண்ணிக்கை தவிர வேறு எதுவும் பொருந்தாது.

ஷாக்

கிராஸ்ஹாப்பரில் எண்ணெயில்லாத வெறும் ஸ்ப்ரிங்தான். ஹார்னெட்டில் பின்னால் மட்டும் எண்ணெய் ஷாக் உண்டு. எண்ணெயில்லாத ஷாக்குக்கு உள்ளே கெட்டியான சிலிகான் கிரீஸ் சிறிது தடவினால் துள்ளல் கொஞ்சம் அடங்கும். முழுத் தீர்வு வேண்டும் என்றால் பொருந்தும் எண்ணெய் ஷாக் நான்கு வாங்க வேண்டும்.

எண்ணெய் ஷாக் பூட்டும்போது கம்பியை வெறும் பிளையரால் பிடிக்காதீர்கள். கீறல் விழுந்தால் அது ஓரிங்கை (எண்ணெய் அடைக்கும் ரப்பர் வளையம்) அறுத்து எண்ணெயைக் கசியவிடும். தோல் துண்டு சுற்றிப் பிடியுங்கள், அல்லது மரை உள்ள முனையை மட்டும் பிடியுங்கள். ஓரிங்கில் சிலிகான் கிரீஸ் தடவிப் போடுங்கள். ஈ-கிளிப்பை (சிறு பூட்டு வளையம்) மாட்டும்போது ஒரு கையால் துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள், தெறித்தால் தேடிக் கிடைக்காது.

கம்பியை முழுதாகக் கீழே இழுத்துவிட்டு விளிம்பு வரை எண்ணெய் ஊற்றுங்கள். பிஸ்டனை மிக மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள், வேகமாக அசைத்தால் புதுக் குமிழ் பிறக்கும். ஐந்து பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்தால் குமிழ்கள் மேலேறி உடையும். கம்பி கீழே இருக்கும் நிலையிலேயே ரப்பர் படலத்தை வைத்து, வழியும் எண்ணெயை வழியவிட்டு மூடியை முறுக்குங்கள். அழுத்தும்போது "சக் சக்" என்று சத்தம் வந்தால் காற்று மிஞ்சியிருக்கிறது, மறுபடி திறக்க வேண்டும். இடது வலது இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டால் ஒரே வேகத்தில் திரும்பி வர வேண்டும். எண்ணெயின் கெட்டித்தன்மையைவிட இந்தச் சோடிப் பொருத்தமே முக்கியம்.

எண்ணெய் 300 முதல் 400 சி.எஸ்.டி. நல்ல தொடக்கம். சேலத்துச் சித்திரை வெயிலில் எண்ணெய் சற்று இளகும், அப்போது 400. ஏற்காட்டு மார்கழிக் குளிரில் வேர்களும் கல்லும் நிறைந்த பாதைக்கு 300. காரை முழங்கால் உயரத்திலிருந்து சமமாகப் போட்டுப் பாருங்கள். அடிப்பாகம் லேசாகத் தரையைத் தொட்டு ஒரே மூச்சில் எழுந்து நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் எண்ணெய் இன்னும் கெட்டியாக வேண்டும்.

மோட்டாரும் மின்சாரமும்

கிட்டோடு வரும் 540 பிரஷ் மோட்டாரையே முதலில் வைத்துக்கொள்ளுங்கள் (கிராஸ்ஹாப்பரில் 380). பழைய வடிவப் பெட்டிக்குள் பிரஷ் இல்லாத (பிரஷ்லெஸ்) மோட்டாரின் வலுவைத் திணித்தால் முதலில் போவது டிஃப் பல், அடுத்தது டாக்போன் (சக்கரத்துக்கு வலுவைக் கொண்டுபோகும் கம்பி). காரின் நடத்தை கைக்குப் பழகிய பிறகு மாற்றலாம்.

புது மோட்டாரைச் சுமையில்லாமல், இரண்டு பென்டார்ச் செல்லில், அதாவது சுமார் 3 வோல்ட்டில், சில நிமிடம் ஓடவிட்டால் பிரஷ் வட்டமாகப் படியும். மோட்டாரில் 104 என்று எழுதிய செராமிக் கப்பாசிட்டர் மூன்று இருக்க வேண்டும்: இரு முனைக்கும் இடையே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் இரும்புக் கூட்டுக்கு ஒன்று. இல்லாவிட்டால் பிரஷ் பொறியின் இரைச்சலால் சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார்) நடுங்கும். கூட்டில் சால்டர் பிடிக்க அந்த இடத்தை அரத்தால் சுரண்டிவிட்டு, 60 வாட் சால்டரிங் அயர்னால் சட்டென்று முடியுங்கள். சிறிய அயர்னை நெடுநேரம் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் உருகும்.

ஈ.எஸ்.சி.யில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) லிப்போ பாதுகாப்பு வெட்டு (மின்னழுத்தம் குறைந்ததும் நிறுத்துவது) உண்டா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். தமியாவின் டி.பி.எல்.இ.-02எஸ்-ல் அது இல்லை. அதில் லிப்போ ஓட்டினால் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய் வீணாகும், தனி அலாரம் மாட்ட வேண்டும். ஹாபிவிங் 1060 வகையில் லிப்போ, நிக்கல் என மாற்றும் ஜம்பர் இருக்கிறது. அதைச் சரியான பக்கத்தில் செருகினீர்களா என்று பாருங்கள். பழைய பேட்டரி அறைகள் ஓரம் வளைந்த 7.2 வோல்ட் நிக்கல் பேக்குக்காக வார்த்தவை, சதுர முனை லிப்போ நுழையாது. ஓரம் வளைந்த 2எஸ் (இரண்டு செல்) லிப்போ என்று கேளுங்கள், சேசிஸைச் சீவாதீர்கள். 3,000 எம்.ஏ.எச். லிப்போவை 3 ஆம்பியரில், கண்முன்னே, மண்சட்டிக்குள் வைத்து சார்ஜ் போடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகவே கூடாது. ஒரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள்.

சர்வோவை ரிசீவரில் செருகி, டிரிம் நடுவில் இருக்கும்போது ஹாரனை (சர்வோ அச்சில் மாட்டும் கை) மாட்டுங்கள். பூட்டிய பிறகு நடு தேடினால் ஒரு பக்கம் குறைவாகத் திரும்பும். ஹாரன் பல் எண்ணிக்கை பிராண்டுக்கு பிராண்டு மாறும்: ஃபுடாபா 25, ஹைடெக் 24, சன்வா 23. தவறானதை அழுத்திப் போட்டால் இறங்குவது போலிருந்து பிறகு வழுக்கும். சர்வோ சேவரை விட்டுவிடாதீர்கள், கல்லில் மோதும் அடியை வாங்குவது அதுதான். ரிசீவர் ஏரியலை வெட்டக் கூடாது. நுனியில் உறை நீங்கிய சுமார் 3 செ.மீ. கம்பிதான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை வாங்குகிறது, அது நிமிர்ந்து நிற்கட்டும். சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து ரிமோட்டை அணைத்துப் பாருங்கள், மோட்டார் உடனே நிற்க வேண்டும்.

பாடி

பாலிகார்பனேட் பாடிக்கு உள்பக்கம்தான் பெயின்ட், அதுவும் பாலிகார்பனேட்டுக்கென்றே உள்ள ஸ்ப்ரே. மற்றது முதல் மோதலிலேயே செதிலாக உரியும். சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, அடர் நிறத்தை முதலில், வெளிர் நிறத்தைப் பிறகு, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை அடியுங்கள். வெளிப்புறக் காப்புப் படலத்தைக் கடைசியில் உரிக்கலாம். கெட்டிப் பிளாஸ்டிக் பாடிக்கு வெளியே பிரைமர், அதன்மேல் ஸ்ப்ரே. சேலத்து மத்தியான வெயிலில் அடித்தால் துளி வழியிலேயே உலர்ந்து சொரசொரப்பாகும், காலை 8 மணிக்குள் முடியுங்கள். ஏற்காட்டில் பனிமூட்டம் உள்ளபோது அடித்தால் ஈரம் சேர்ந்து வெள்ளை படரும், பாடியைச் சேலத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

ஓட்டும் இடமும் மண்ணும்

மாமாங்கம், கருப்பூர்ப் பக்கம் மாக்னசைட் வெள்ளைப் புழுதி மாவு போல நுண்ணியது. மோட்டாரின் காற்றுத் துளை வழியே புகுந்து பிரஷ்ஷில் சேரும். சேசிஸ் திறப்புகளில் பழைய நைலான் காலுறைத் துண்டைக் கட்டினால் காற்று போகும், மாவு தங்கும். சுரங்கப் பகுதிக்குள் போகவே வேண்டாம். ஏற்காட்டில் செம்பாறை மண். காய்ந்தால் கெட்டி, நனைந்தால் முள் டயரின் இடைவெளியில் அப்பிக்கொண்டு டயரை வழவழப்பாக்கும், அங்கே முள் உயரமாகவும் இடைவெளி அகலமாகவும் இருக்க வேண்டும். காபித் தோட்டமென்றால் உரிமையாளரின் அனுமதி பெறுங்கள். காப்புக்காட்டுக்குள்ளும் 20 கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையிலும் ஓட்டக் கூடாது. காட்டெருமை நடமாடும் மலை, மாலை மங்கும்முன் பொருட்களை எடுத்துவிடுங்கள்.

வேகம் கொடுத்தால் முன்பக்கம் எழும்பி ஸ்டியரிங் கேட்காமல் போவது பின்மோட்டார் பக்கியின் குணம். கார் டயர் கடையில் கிடைக்கும் 5 கிராம் ஒட்டும் பேலன்ஸ் எடையை நான்கு முதல் ஆறு வரை முன்மூக்குக்குள் ஒட்டுங்கள். அதற்கு மேல் போட்டால் பள்ளத்தில் மூக்கு குத்தும்.

ஒரு பேக் தீர்ந்ததும் மோட்டாரைத் தொடுங்கள். மூன்று விநாடி விரல் வைக்க முடியாவிட்டால் பினியனில் ஒரு பல் குறையுங்கள். பல் மாற்ற முடியாத கிட்டில் ஓட்டும் நேரத்தைக் குறையுங்கள். அடுத்த பேக்குக்கு முன் கால்மணி நேரம் ஆறட்டும்.

வீட்டுக்கு வந்ததும் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பஞ்சர் கடைக் கம்பிரஸர் காற்றைப் பேரிங்குக்குள் நேராக அடித்தால் மண்ணை உள்ளே தள்ளிவிடும். நனைந்த பேரிங்கைக் கழற்றி உலர்த்தித் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். ரிம்முக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் டயர் கனத்து ஒருபக்கமாக ஆடும். டயரின் தரைபடும் பகுதியில் 2 மி.மீ. துளை எதிரெதிரே இரண்டு போட்டால் சுற்றும்போதே வெளியேறிவிடும்.

கிட் வாங்கும்போதே முன் ஆர்ம் ஒரு சோடி, ஸ்டியரிங் நக்கிள் (முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) ஒரு சோடி, ஸ்பர் கியர் ஒன்று, டாக்போன் ஒரு சோடி, பாடி கிளிப் பத்து சேர்த்து வாங்கிவிடுங்கள். உடைவது இந்த வரிசையில்தான், தனியாக வரவழைத்தால் வாரக்கணக்கில் கார் அலமாரியில் நிற்கும்.